வெறும் கரைப்பான்

வெறும் கரைப்பான் மட்டும் ஊற்றிய குப்பி அது. கருவியில் போட்டால் திரையில் கோடு தரையோடு தரையாக ஓட வேண்டும். ஓடவில்லை. தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு மேடாக எழுந்தது. நடுவில் பிளந்து, ஓரங்களில் கரடுமுரடாக, யாரோ அவசரத்தில் மண்ணைக் குவித்துவிட்டுப் போனதுபோல் நின்றது. பிறகு தணிந்தது. தணிந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நெட்டையாக ஒரு குன்று. அதன் காலடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னது.

அந்தச் சின்னதை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் காலை நீட்டிப் படுக்காமல் இந்தக் குளிர்ந்த அறைக்கு வந்ததே அதற்காகத்தான். ஆனால் அது இருக்க வேண்டியது காய்ச்சல் மருந்தில். மருந்து ஊற்றிய குப்பிகள் இன்னும் வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

கருவி அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. மற்ற கருவிகள் எல்லாம் உறை போர்த்தி நின்றன. பம்ப் மட்டும் சளைக்காமல் டிக், டிக் என்றது. அதற்கு மேல் குளிர்சாதனத்தின் ஒரே சீரான இரைச்சல். அதற்கும் அப்பால், கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே, கிடங்கு வாசலில் லாரியில் பெட்டிகளை ஏற்றும் சத்தம். தொப். கொஞ்சம் இடைவெளி. தொப். கரைப்பானின் இனிப்பு கலந்த நெடி மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாக அது அவளுக்குப் பிடித்த வாசனை. இன்று குமட்டியது.

இந்தக் கருவி செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மருந்தில் ஒரு துளியை ஊசியால் உறிஞ்சி, கரைப்பானோடு சேர்த்து ஓர் எஃகுக் குழாய்க்குள் தள்ளும். குழாய்க்குள் நெருக்கி அடைத்த பொடி இருக்கும். விருந்து முடிந்து கிளம்பும் சொந்தக்காரர்கள் மாதிரிதான் உள்ளே நடப்பது. சிலர் கை கழுவியதும் போய்விடுவார்கள், சிலர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசி நிற்பார்கள். பொடியில் ஒட்டாத பொருள் முதலில் வெளியே வரும், ஒட்டுகிற பொருள் தாமதமாக வரும். வெளியே வரும் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு குன்று. ஆய்வகத்தில் அதை பீக் என்பார்கள். மருந்தில் மருந்து மட்டும்தான் இருக்கிறதா, வேண்டாத எதுவும் கலந்திருக்கிறதா என்பதை அந்தக் குன்றுகள் சொல்லிவிடும். கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளாத வரை.

அவள் வெள்ளிக்கிழமை பொத்திக்கொண்டாள்.

குழந்தைகளுக்கான சிரப் அது. மருந்தின் பெரிய பீக்கின் காலடியில் இந்தச் சின்னது நின்றதைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் வந்த முதல் நினைப்பு, குப்பியைச் சரியாகக் கழுவவில்லை என்பது. தன் கை அழுக்கு. அப்படியிருந்தால் வேலையை நிறுத்தி, மேனேஜரிடம் சொல்லி, எங்கே தவறு என்று எல்லோர் முன்னாலும் தேட வேண்டும். அதுதான் முறை. ஆனால் அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். இம்மி பிசகாதவள். போன வாரம்தான் புதிதாகச் சேர்ந்த பெண்ணை இதே அழுக்குக் குப்பிக்காக எல்லோருக்கும் கேட்கும்படி நார் நாராகக் கிழித்திருந்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேசையைத் துடைத்தாள். அவள் முன்னால் போய், என் குப்பியும் அழுக்குதான் என்று சொல்ல தராசுக்கு நா எழவில்லை. மவுஸைப் பிடித்து, பீக்குகளுக்கு அடியில் ஓடும் கோட்டை, எது கணக்கில் சேரும் என்று தீர்மானிக்கும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள். சின்னது பெரியதின் வாலுக்குள் மறைந்தது. கையெழுத்துப் போட்டாள். சரக்கு தேறியது.

சனிக்கிழமை இரவு பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்கு உறைத்தது. மருந்தை இரண்டு மடங்காக ஊற்றிய குப்பியில் அந்தச் சின்ன பீக்கும் இரண்டு மடங்கு உயரமாக நின்றது. குப்பியில் ஒட்டிய அழுக்கு அப்படிக் கணக்குப் பார்த்து வளராது. அது மருந்தோடு வந்தது. சோப்பு நுரையில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள்.

அதனால்தான் வந்தாள். முதலில் வெறும் கரைப்பான், பிறகு மருந்து. உறுதியாகத் தெரிந்துவிட்டால் சொல்லிவிடலாம். லாரி கிளம்பும் முன் சொல்லிவிட்டால் போதும், ஒரு குழந்தையின் வாய்க்கும் அது போகாது. அப்படித்தான் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது வெறும் கரைப்பானிலும் அது நின்றது. அதைப் பார்த்ததும் முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அப்படியென்றால் கோளாறு கருவியில், மருந்து சுத்தம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தவளுக்கு அந்த முதல் மேட்டின் மேல் மறுபடி கண் போயிற்று. அந்தக் கரடுமுரடு. நடுவில் அந்தப் பிளவு. எங்கேயோ பார்த்த முகம்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று இதே மாதிரிக் கருவியில் பார்க்கும் வேலை. இரத்தத்தைத் தெளியவைத்து உள்ளே விட்டால், உடம்பு வைத்திருக்கும் உப்பும் கழிவும் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு முதலில் வெளியே வரும். மருந்துக் கம்பெனியில் அதைப் பார்க்கவே முடியாது. பார்க்க வேண்டிய தேவையும் கிடையாது.

இரத்தத்தின் மேடு அது.

கருவியோடு சேர்ந்த, குப்பிகள் நிற்கும் குளிர் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவாக இருந்தது, நிறமே இல்லை. தட்டில் நூறு குழிகள். முன் வரிசையில் அவள் வைத்த சில குப்பிகளைத் தவிர மற்றதெல்லாம் காலி. கையிலிருந்ததைக் கழிவில் கொட்டினாள். பிரிக்காத பொட்டலத்திலிருந்து புதுக் குப்பி எடுத்தாள், திறக்காத புட்டியிலிருந்து புதுக் கரைப்பான் ஊற்றினாள், இரண்டு ஜோடி கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மூடினாள். இதையே விடாமல் திரும்பத் திரும்பப் போடு என்று கருவிக்குக் கட்டளை கொடுத்தாள்.

ஊசி இறங்கியது. வால்வு திரும்பும் சத்தம், டக் என்று. கோடு புறப்பட்டது.

கைபேசி அதிர்ந்ததில் துள்ளி விழப் பார்த்தாள். அவள் கணவர்.

"இன்னும் அங்கதானா? ஞாயித்துக்கிழமையும் அந்த மெஷின கட்டிக்கிட்டு அழு. சோறு ஆறிப் போச்சு."

"வந்துடறேங்க. ஒரு சின்ன சந்தேகம். பாத்துட்டு வந்துடறேன்."

"உனக்கா சந்தேகம்? ஊரே உன்ன கேட்டுத்தான் சந்தேகம் தீத்துக்குதுன்னு நெனச்சேன்." அவர் சிரித்தார். அவளும் சிரிக்க முயன்றாள். வைத்துவிட்டார்.

திரையில் மேடு எழுந்திருந்தது. அதே பிளவு. பெரிய பீக் வந்தது, போன தடவையைவிடக் குட்டையாக. சின்னது வந்தது. அது குறையவில்லை. அடுத்த ஓட்டம். மேடு இன்னும் கொஞ்சம் பருத்திருந்தது. பெரியது இன்னும் குட்டை. சின்னது அப்படியே.

இதைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்த பின் விட்டு விட்டு இரத்தம் எடுத்து அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் மருந்து கொஞ்சம் குறைந்திருக்கும். உடம்பு அதைச் செலவழித்துவிடும். இங்கேயும் காய்ச்சல் மருந்து செலவாகிறது. அதோடு கூட வந்தது செலவாகவில்லை, வெளியே போகவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் வரும் கழிவு மேடு பருத்துக்கொண்டே போகிறது. சிறுநீரகம் வேலையை நிறுத்தியவர்களுக்குத்தான் அது அப்படிப் பருக்கும். யாரோ ஒருவருக்கு, இந்தக் குழாயின் மறுமுனையில், அது மெல்ல நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கான சிரப். யாரோ ஒரு குழந்தைக்கு.

இன்னும் ஒரு புட்டிகூட வெளியே போகவில்லை. அத்தனையும் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது.

தொப்.

அவள் எழுந்து ஓடினாள். படிக்கட்டில் இறங்கும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். நிறுத்துங்க. அந்த சரக்க ஏத்தாதீங்க. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஏன் என்று கேட்டால்? கேட்பார்கள்தான். நான் கோட்டை இழுத்தேன். நானே இழுத்தேன். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒத்திகை நின்றது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. லாரியின் பின்கதவு திறந்திருந்தது, பாதிக்கு மேல் பெட்டிகள் ஏறியாகிவிட்டன. கிடங்கு மேற்பார்வையாளர் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். வயதானவர், எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுகிறவர்.

"அட, தராசு மேடம்! லீவு நாள்ல எங்க இந்தப் பக்கம்? எடை பாக்க வந்தீங்களா?"

ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது.

"அண்ணே, இந்த சிரப்பு..."

"உங்க சரக்குதான் மேடம். இப்ப கொஞ்சம் முன்னாடிதான் பசங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். இதுல தராசு மேடம் கையெழுத்து இருக்கு, கண்ண மூடிட்டு ஏத்துங்கடான்னு. வேற யாராவது போட்டிருந்தா ரெண்டு தடவ யோசிப்பேன். சொல்லுங்க, என்ன விஷயம்?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒருவர் பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றார். அவள் சொன்னால் இறக்கிவிடுவார். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே. ஏசியில உக்காந்து தல வலிக்குது. காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"போய் ஒரு டீ குடிங்க மேடம். மெஷின் எங்கயும் ஓடிடாது."

தோளில் பெட்டி வைத்திருந்தவர் நடந்தார். தொப். திரும்பிப் படியேறினாள். முதுகுக்குப் பின்னால் மறுபடி ஏதோ சிரிப்பு. அவளைப் பற்றி இருக்காது; ஆனாலும் அவளைப் பற்றித்தான் என்று பட்டது. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரு வாக்கியம். குழந்தைகூடச் சொல்லிவிடும் ஒரு வாக்கியம்.

கருவி அறையின் கதவைத் திறந்ததும் நெடி மாறியிருந்தது. கரைப்பானுக்கு அடியில் இன்னொன்று. காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறையில், ஜன்னலை அடைத்துவைத்த அறையில் இருக்குமே, வியர்வையும் புளித்த பாலும் கலந்த ஒரு வெக்கை, அது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திரையில் அவள் இல்லாதபோது ஓட்டங்கள் ஓடியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரிய பீக் கரைந்து கரைந்து அடையாளமே இல்லாமல் போயிருந்தது. சின்னது நின்றது. மேடு திரையின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஓட்டத்தில் மேட்டின் வடிவமே மாறியிருந்தது. அந்த மாற்றத்தை அவள் மருத்துவமனையில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். இந்த இரத்தத்தை எப்போது எடுத்தார்கள் என்று அப்போது வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள். உயிர் போன பிறகு எடுத்தது என்றார்கள்.

அவள் திரையை அணைத்தாள். பம்ப் நிற்கவில்லை.

கைபேசியில் மேனேஜரைக் கூப்பிட்டாள். இரண்டு முறை தப்பான பெயரைத் தொட்டாள். பேசிவிட வேண்டும். முகம் பார்க்க வேண்டாம், குரல்தானே. மணி அடித்தது. எடுத்தார். பின்னால் தொலைக்காட்சியின் கைதட்டல்.

"சொல்லும்மா."

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். வெள்ளிக்கிழமை போட்டேனே சார், அந்த சிரப்பு ரிசல்ட்..."

"ஆமா, பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. நானே உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். நாளைக்கு மீட்டிங்ல எல்லாருக்கும் அதத்தான் காட்டப் போறேன். பீக்குன்னா இப்படி இருக்கணும்னு. அந்தப் புதுப் பொண்ணும் பாக்கட்டும், கத்துக்கட்டும்." தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. "ஏன், என்ன ஆச்சு? ஏதாவது பிரச்சினையா?"

கேட்டுவிட்டார். அவரே கேட்டுவிட்டார். இதைவிட யாரும் கதவைத் திறந்துவைக்க முடியாது. இருக்கு சார் என்றால் போதும்.

மீட்டிங் கண்ணில் தெரிந்தது. சுவரில் பெரிதாக அவள் கோடு. மேனேஜர் திரும்பிப் பார்க்கும் முகம். மேசைக் கோடியில் அந்தப் புதுப் பெண், அவளையே பார்த்துக்கொண்டு.

"இல்ல சார். ஒண்ணும் பிரச்சினை இல்ல. ரிசல்ட் பாத்துட்டீங்களான்னு கேக்கத்தான்."

"நீ போட்டா பாக்கவே வேண்டாம்மா. போ, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கன்னத்தில் ஏதோ ஓடியது, துடைத்தாள். அழுகிறவளுக்கு ஒரு மரியாதை உண்டு. தனக்கு அதுகூட வேண்டாம் என்று நினைத்தாள். வெட்கம் காது மடலிலிருந்து கழுத்துக்கு இறங்கி உடம்பெல்லாம் பரவியது. அதோடு, அதன் அடியில், ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

கீழே சத்தம் நின்றுவிட்டது.

அவள் கவனித்தாள். பின்கதவை இழுத்துச் சாத்துகிறார்கள். தாழ்ப்பாள். யாரோ லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்கிறார். இன்ஜின் இருமி எழுந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. இரும்பு கேட் தரையில் உரசிக்கொண்டு திறந்தது. லாரி நகர்ந்தது. நகர்ந்தது. தெருவில் திரும்பியது. இன்ஜின் சத்தம் மெலிந்து, மற்ற வண்டிகளின் சத்தத்தில் கலந்து, போய்விட்டது.

பம்ப் நின்றது.

இந்த அறையில் பம்ப் சத்தம் இல்லாமல் அவள் இருந்ததே இல்லை. குளிர்சாதனமும் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்த வெக்கை முகத்தில் மோதியது.

கண்ணாடி உரசும் சத்தம்.

மிக மெல்லியது. குப்பியோடு குப்பி இடித்துக்கொள்ளும் சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி.

குளிர் பெட்டியின் கண்ணாடிக் கதவு வெளுத்திருந்தது. ஆவி படிந்திருந்தது. கையுறையால் துடைத்தாள். போகவில்லை. உள்பக்கம். குனிந்து பார்த்தாள். ஆவிக்குப் பின்னால் தட்டு தெரிந்தது. காலிக் குழி ஒன்றுகூட இல்லை. நூறும் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளைச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் அவள் கையெழுத்து.

இப்போதும் கூப்பிடலாம். லாரி முதல் சிக்னலைக்கூடத் தாண்டியிருக்காது. கைபேசி எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் கை அதன் பக்கம் போனது. போய், அதைக் கடந்து, கதவுக்குப் போனது. யாராவது வந்து இதைப் பார்த்துவிட்டால்? உள்தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தம் வராமல், மெதுவாக.

திரும்பினாள்.

கண்ணாடியில் ஆவி அசைந்துகொண்டிருந்தது. படர்ந்தது. சுருங்கியது. ஒரே பரப்பாக இல்லை, நூறு சின்னச் சின்ன வட்டங்களாக. சிலது வேகமாக. சிலது விட்டு விட்டு. காய்ச்சலில் தூங்குகிற பிள்ளைகள் மூச்சு விடும் வேகம். படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

ஊசி தானாக இறங்கியது. முதல் குப்பி.

ஓரத்தில் ஒரு வட்டம் சுருங்கியது. மறுபடி படரவில்லை.

ஊசி மேலே வந்தது. அடுத்த குப்பிக்கு நகர்ந்தது.